புகை வரும் வேளை

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருக்கும் மாமாவின் டீசல் கார் ஒரு நவம்பர் மாதம் புகைக்க ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. ராஷ்பிஹாரி சந்திப்பில் சிக்னலுக்கு நிற்பார். கம்பத்து ஒலிபெருக்கியில் ரவீந்திர சங்கீதம் பாதி ஓடும். பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். பின்னால் நிற்கும் ஆட்டோ மறைகிற அளவுக்கு நீலப் புகை வரும். கரியாஹாட் வருவதற்குள் அடங்கிவிடும். அடுத்த சிக்னலில் மறுபடி.

தெருமுனை மிஸ்திரி போனட்டைத் திறக்கக்கூட இல்லை. "மோபில் காச்சே, தாதா" என்றார். இந்த ஊரில் இன்ஜின் ஆயில் எந்தக் கம்பெனி டப்பாவில் வந்தாலும் பெயர் மோபில்தான். காச்சே என்றால் சாப்பிடுகிறது. நம் ஊர் மெக்கானிக் "ஆயில் குடிக்குது" என்பார். வங்காளிகள் தண்ணீரையே சாப்பிடுகிறவர்கள், ஆயிலை மட்டும் குடிப்பார்களா?

அதுவரை சரி. அடுத்துப் போன பெரிய ஒர்க்‌ஷாப்பில், "நீலப் புகைன்னா டர்போ போச்சு" என்று சொல்லி டர்போவையே மாற்றிவிட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் அதே சிக்னலில் அதே புகை. மாமா மாடியேறி வந்து, "புது டர்போவும் நீலமாத்தான்டா விடறது" என்றார். "அது இருக்கட்டும் மாமா, எப்போ எப்போ விடறது?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

கறுப்பு என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில், வெள்ளை என்றால் தண்ணீர். எல்லோருக்கும் மனப்பாடமான இந்தப் பாடம் அம்பாசடர் காலத்துப் பாடம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 2014 வரை தயாரித்த அந்த வண்டியின் இன்ஜினில்தான் இந்த ஊரில் ஒரு தலைமுறை மிஸ்திரிகள் தொழில் பழகினார்கள். பழைய அம்பாசடர் டீசலில் டர்போ கிடையாது. காற்று ஃபில்டரைத் தாண்டினால் சிலிண்டர், சிலிண்டரைத் தாண்டினால் சைலன்சர். அதில் ஆயில் புகைந்தால் ரிங் அல்லது வால்வு சீல், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். 15 ஆண்டு தாண்டிய வாடகை வண்டிகள் நகரில் ஓடக்கூடாது என்று 2008இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு மஞ்சள் டாக்ஸிகள் குறையத் தொடங்கின. அவற்றின் இடத்துக்கு வந்த கார்கள் பலவற்றில் 1,248 சிசி மல்டிஜெட் போன்ற டர்போ டீசல் இன்ஜின். இதில் காற்று ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போய், ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், இன்னொரு ஹோஸில் திரும்பி வந்து, இஜிஆர் வால்வு கலக்கும் புகையையும் வாங்கிக்கொண்டு பிறகுதான் சிலிண்டருக்குள் நுழைகிறது. வழியில் ஆயில் நுழைய நாலைந்து சந்து. இன்ஜின் மாறிவிட்டது, மிஸ்திரியின் பாடம் மாறவில்லை.

நிறம் எது எரிகிறது என்று சொல்லும். எங்கிருந்து வருகிறது என்பதைப் புகை வரும் வேளைதான் சொல்லும். சில சமயம் நிறத்தைக்கூட நம்ப முடியாது. ஆயில் புகையை ஆலமரத்தின் இருட்டுப் பின்னணியில் பார்த்தால் நீலம். அதே புகையை வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்த்தால் பழுப்பு கலந்த மஞ்சள். நுண்ணிய ஆயில் துளிகள் நீல ஒளியைச் சிதறடித்து மஞ்சளைக் கடத்திவிடுவதால் வரும் வித்தை இது. தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறம். ஆகவே காலை வெயிலில், இருண்ட சுவரோ மரமோ பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்திப் பாருங்கள். சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடியுங்கள். உலர்ந்த கறுப்புப் பொடி படிந்தால் கரி. தடவினால் பிசுக்காக இழுபட்டால் ஆயில். ஈரம் மட்டும் பட்டு, காய்ந்ததும் தடமில்லாமல் போனால் தண்ணீர். திறந்த வெளியில் செய்யுங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுப் பரிசோதிப்பது தற்கொலைக்குச் சமம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வேளையைக் குறித்துக்கொள்வது

ஒரு நாள் முழுக்க வண்டியை ஓட்டி, புகை வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் செருகிப் படிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது, காசு செலவில்லை.

முதல் வேளை விடியற்காலை. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலம் வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வு சீல். இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியே சொட்டிய ஆயில் முதல் ஓட்டத்தில் எரிகிறது. டர்போவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. டிசம்பர், ஜனவரியில் மைதானத்தின் மேல் பனிமூட்டம் நிற்கும் காலைகளில் வரும் மெல்லிய வெள்ளை புகையே அல்ல, நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது, குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது. சைலன்சர் சூடானதும் மறைந்துவிடும். இதைப் பார்த்து ஹெட் கேஸ்கட்டைக் கழற்றியவர்களும் உண்டு.

இரண்டாவது வேளை நீண்ட நேரம் ஐடிலில் நின்ற பிறகு. ஐந்து முதல் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ரேஸ் பண்ணுங்கள். அப்போது நீலம் கொட்டி, ஓட ஓடக் குறைந்தால் டர்போவின் பக்கம் திரும்பலாம். மாமாவின் வண்டி இந்த ரகம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வேளை சுமை ஏறும்போது. சென்னைக்காரருக்கு ஏலகிரி இருக்கிறது, கோவைக்காரருக்கு ஊட்டி. கொல்கத்தா தட்டையான ஊர், இங்கே மேம்பாலம்தான் மலை. 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவின் ஏற்றமும், பார்க் சர்க்கஸிலிருந்து பைபாஸ் போகும் மா மேம்பாலத்தின் ஏற்றமும் எனக்குப் போதுமானவை. மூன்றாவது கியரில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, மிதித்து ஏறுங்கள். இரவில் ஏறுவது நல்லது. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தில் உங்கள் புகை கண்ணாடியில் துல்லியமாகத் தெரியும். ஏற்றத்தில் கறுப்பு வந்து இழுவையும் குறைந்தால் காற்று எங்கோ கசிகிறது. ஏற ஏற நீலம் கூடிக்கொண்டே போனால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம்.

நான்காவது வேளை பாலத்திலிருந்து இறங்கும்போது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் மிதியுங்கள். பெட்ரோல் வண்டியில் இறக்கத்தின்போது இன்டேக்கில் வெற்றிடம் உண்டாகி வால்வு கைடு வழியே ஆயிலை உறிஞ்சும், மிதித்ததும் அது நீலமாக வெளியேறும். டீசலில் பெரும்பாலும் அந்த அளவு வெற்றிடம் உண்டாவதில்லை, எனவே இந்தச் சோதனையை டீசலுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இதோடு ஆயில் கணக்கு. டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். அரை லிட்டருக்குக் கீழே என்றால் நான் கவலைப்படுவதில்லை. அதற்கு மேல் போனால் தேடத் தொடங்குவேன்.

டர்போ ஏன் ஆயிலைத் துப்புகிறது

டர்போ என்பது ஒரு தண்டும் அதன் இரு முனைகளில் இரண்டு சக்கரங்களும்தான். ஒரு சக்கரத்தைப் புகை சுழற்றுகிறது, மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. பென்சில் கனம்கூட இருக்குமா என்று தோன்றும் அந்தத் தண்டு, சிறிய கார்களில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகும். இன்ஜின் அப்போது சுற்றுவது 4,000 சொச்சம். இந்த வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உரசினால் அதோகதி. ஆகவே தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது.

டர்போ சீல் என்றதும் ரப்பர் வாஷர் போல ஒன்றைக் கற்பனை செய்கிறோம். உள்ளே அப்படி எதுவும் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையம் இரு முனையிலும் இருக்கும். அதை முழு அடைப்பு என்று சொல்ல முடியாது. இரு பக்கச் சக்கர அறைகளிலும் அழுத்தம் இருப்பதால்தான் ஆயில் நடுவிலேயே நிற்கிறது. நடு அறைக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தோடு வந்த ஆயில், வெளியே போகும்போது வெறும் புவியீர்ப்பில் நுரையாக வழிந்து கீழே இன்ஜின் சம்புக்கு இறங்குகிறது. கழுவுத்தொட்டியின் குழாய் அடைத்தால் தொட்டி நிரம்பி வழிவதுபோல, இந்த இறங்கு குழாயில் தடை வந்தால் ஆயில் வளையத்தைத் தாண்டி இரு பக்கமும் வழியும். டர்போவில் குற்றமே இருக்காது, புகையும் வராமல் இருக்காது.

தடை எப்படி வரும்? குழாய் கரிப்பிசினால் சுருங்கலாம். குழாய் மடங்கலாம். ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருந்தால் இறங்கு குழாயின் வாயே ஆயிலில் மூழ்கலாம். அல்லது இன்ஜின் அடிவயிற்றில் காற்றழுத்தம் ஏறி, இறங்கும் ஆயிலைத் திருப்பித் தள்ளலாம். ரிங் தேய்ந்து புகை கீழே கசிந்தாலும், அந்தக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்தாலும் அப்படி ஆகும். நம் ஊர்ப் போக்குவரத்தில் பிரீதர் அடைவது அபூர்வமில்லை. நாலு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஊர்ந்தால் ஆயில் ஒருபோதும் சரியாகச் சூடாகாது, நீராவியும் கரியும் சேர்ந்து குழாய்க்குள் களியாக உறையும்.

சிக்னலில் நிற்கும்போது ஏன் அதிகம்? ஐடிலில் காற்றுச் சக்கரத்துக்குப் பின்னால் அழுத்தமே இருக்காது, ஆயிலைத் தடுக்க ஆளில்லை. காற்று ஃபில்டர் வேறு அடைத்திருந்தால் சக்கரம் காற்றுக்குப் பதிலாக ஆயிலை இழுக்கும். டர்போவை மாற்றச் சொல்லும் முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். துர்கா பூஜைக்கு முந்தைய பழைய ஃபில்டர் என்றால் அதை மாற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

டர்போவா, இன்ஜினா என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஒரு மணி நேர வேலை, ஒர்க்‌ஷாப்காரர் முனகினாலும் விடாதீர்கள். டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாயையும் பின்னால் இருக்கும் குழாயையும் கழற்றி, உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். முன்னால் உலர்ந்து, பின்னால் ஆயில் தேங்கியிருந்தால் டர்போவின் காற்றுப் பக்கம் கசிகிறது. முன்னாலேயே, பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்து ஈரமாக இருந்தால் ஆயில் பிரீதர் வழியாக வருகிறது, டர்போ வெறும் கடத்தல்காரன். புகைப் பக்கத்திலும் இதே கணக்கு. இன்ஜினிலிருந்து டர்போவுக்கு வரும் மேனிஃபோல்டு உலர்ந்த கரியாகவும், டர்போ தாண்டிய குழாய் ஈரமாகவும் இருந்தால் டர்போ. மேனிஃபோல்டே பிசுபிசுத்தால் ஆயில் சிலிண்டரிலிருந்து வருகிறது. இன்டர்கூலருக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது எல்லா டர்போ வண்டியிலும் இயல்பு, அதைக் காட்டி பில் போட வருகிறவரை நம்பாதீர்கள். சாய்த்தால் ஊற்றுகிற அளவு இருந்தால்தான் விஷயம்.

குழாய் கழன்றிருக்கும்போதே தண்டின் முனையை இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் சற்று ஆடத்தான் செய்யும். ஆயில் படலம் இல்லாத நேரத்தில் மிதவை பேரிங் அப்படித்தான் இருக்கும். இந்த ஆட்டத்தைக் காட்டித்தான் பாதி டர்போக்களுக்கு மரண தண்டனை விதிக்கிறார்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு எதுவும் தெரியக்கூடாது. பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே சுற்றும்போது சக்கரம் உறையில் உரசக்கூடாது. இரண்டில் ஒன்று நடந்தால்தான் டர்போ போச்சு.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியை ஐடிலில் திருகித் தளர்த்தி, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. தட்டிவிட்டதுபோல எகிறினால் அடிவயிற்றில் அழுத்தம். பிரீதரைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் எகிறினால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

மாமாவின் வண்டியில் முன்குழாய் உலர்ந்திருந்தது, மூடி அமைதியாக இருந்தது, ஆயில் மட்டம் சரி. மிஞ்சியது இறங்கு குழாய். அதன் மேல் முகப்பைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. புது டர்போ பொருத்தியவர் கேஸ்கட்டோடு சமாதானம் ஆகாமல் இரண்டு பக்கமும் சிலிகான் பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறார். முகப்பை இறுக்கியபோது அது உள்பக்கம் பிதுங்கி, வடை ஓரம்போல உருண்டு, துவாரத்தில் பாதியை மறைத்திருந்தது. முதல் டர்போ போனதற்கும் காரணம் அதே குழாயின் கீழ்ப்பாதியில் இருந்தது. பென்சில் நுழையாத அளவுக்குக் கரி. டர்போவை மாற்றியவர்கள் குழாயை மாற்றவில்லை. டர்போவின் ஆயில் முகப்புகளில் பசை கூடவே கூடாது, கேஸ்கட் மட்டும். மேலே ஆயில் வரும் முகப்பில் இதே பசைத் துணுக்கு உடைந்து உள்ளே போனால் புகைக்குக்கூடக் காத்திருக்காமல் தண்டு இறுகிவிடும்.

ஆயில் கசிவை நாள் கடத்தக்கூடாது என்பதற்கு டீசலில் ஒரு பயங்கரமான காரணம் உண்டு. டர்போ கொட்டும் ஆயிலையே டீசலாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாக ரேஸ் ஆகத் தொடங்கும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காது, சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். தெரு முழுக்க வெண்ணீலப் புகை, இன்ஜின் அலறல். மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, ஐந்தாவது கியர் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள். இன்ஜின் திணறி அணையும். ஆட்டோமேட்டிக் என்றால் வண்டியில் இருப்பவர்களை இறக்கித் தள்ளி நில்லுங்கள். காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள், விரல் மிஞ்சாது.

கறுப்பும் வெள்ளையும்

கறுப்புக்கு இவ்வளவு விசாரணை வேண்டாம். டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதுதான் பொருள், பெரும்பாலும் காற்றுதான் குறை. இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் ஐடிலில் மூடியிருக்கும், அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாலத்தில் ஏறினால் "ஸ்ஸ்" என்ற சத்தத்தோடு கறுப்பு கொட்டும். ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். கசியும் இடத்தில் கரி கலந்த ஆயில் நாமம் போட்டிருக்கும். பெரும்பாலும் கிளாம்ப்பை இறுக்கினாலோ ஹோஸை மாற்றினாலோ முடிந்துவிடும். அதற்கடுத்த சந்தேகம் இஜிஆர் வால்வு, திறந்தபடியே கரியில் சிக்கிக்கொள்ளும். ஊர்ந்தே ஓடும் வண்டிகளின் நோய் இது. வேரியபிள் டர்போவில் இறக்கைகளும் அதே கரியில் இறுகும். பிறகுதான் இன்ஜெக்டர்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால் கறுப்புப் புகையே தெரியக்கூடாது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறதென்றால் அந்த ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது முன்னால் வைத்திருந்தவர் கழற்றி எறிந்திருக்கிறார். பழைய கார் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் டர்போவுக்கு இது பொருந்தாது, அவற்றின் வாய் கொஞ்சம் கறுத்திருப்பது சகஜம்.

அந்தக் கரி ஃபில்டர் தன்னைத் தானே சுட்டுச் சுத்தம் செய்யும்போது லேசான வெள்ளையும் தீய்ந்த வாடையும் வரும், ஐடில் கூடும், ஃபேன் விடாமல் ஓடும். பயப்படாமல் பைபாஸில் இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். பாதியில் அணைத்து அணைத்து நிறுத்தினால் சுத்தத்துக்காகத் தெளித்த டீசல் எரியாமல் ஆயிலோடு கலந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைவதைக் கண்டு பதறுகிறவர்கள் ஏறுவதைக் கண்டு மகிழ்கிறார்கள். ஏறுவதுதான் அதிக ஆபத்து. நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தின்னும், மேல் கோட்டைத் தாண்டினால் முன்சொன்ன ரேஸ் ஆகும் விபத்துக்கும் அதுவே வழி.

மற்ற வெள்ளைக்கு மூக்கு வேண்டும். கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். காலையில் மட்டும் என்றால் குளோ பிளக், எப்போதும் என்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். இனிப்பு வாடையோடு, வண்டி சூடான பின்னும் கனமாக வெள்ளை தொடர்ந்தால் கூலண்ட். கூலண்ட் டப்பாவில் மட்டம் இறங்குகிறதா, குமிழி வருகிறதா, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் களி இருக்கிறதா என்று பாருங்கள். குமிழியும் களியும் இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்தால் ஹெட்டைக் கழற்றும் முன் இஜிஆர் கூலரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் விழும் சின்ன வெடிப்பு ஹெட் கேஸ்கட் போன மாதிரியே புகைக்கும், செலவோ அதில் ஒரு பங்கு.

மழைக்கால வெள்ளை தனி. தண்டனியா, கேமக் ஸ்ட்ரீட் பக்கம் முழங்கால் தண்ணீரில் கடந்து வந்த வண்டி சிறிது நேரம் வெள்ளையாக விட்டால் அது சைலன்சருக்குள் புகுந்த தண்ணீர், போய்விடும். ஆனால் தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோன வண்டிக்குச் சாவி போடவே போடாதீர்கள். 2025 செப்டம்பர் 23 அதிகாலை மழையில் நகரம் மூழ்கிய மறுநாள், தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டதாகப் பெருமைப்பட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு இன்ஜின் ஓடவும் ஓடும். அந்த ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்து, மாதக்கணக்கில் காரணம் தெரியாமல் வெள்ளை விடும்.

பொல்யூஷன் சான்றிதழுக்குப் போவதானால் ஒரு வார்த்தை. டீசலை நியூட்ரலில் முழுக்க மிதித்துத்தான் அளப்பார்கள். பிஎஸ் 4க்கு முந்தைய வண்டிக்கு 65, பிஎஸ் 4க்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரம்பு. அரை மணி நேரம் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு போனால் பாதி வெற்றி. டைமிங் பெல்ட் மாற்றும் கெடு தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அந்த மிதியில்தான் பல பெல்ட்டுகள் உயிரை விடுகின்றன.

புது டர்போ போட வேண்டி வந்தால்

பழையதைப் பிரித்து உங்கள் கண்ணால் பாருங்கள், அது எதனால் செத்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். தண்டு நீலம் பாரித்திருந்தால் ஆயில் கிடைக்காமல் சூடேறியது, ஆயில் வரும் குழாயை மாற்றாமல் விடாதீர்கள். தண்டில் நுண்கோடுகள் விழுந்திருந்தால் ஆயிலில் மணல் அல்லது கரி, சம்பைக் கழற்றி வடிகட்டியைக் கழுவ வேண்டும். காற்றுச் சக்கரத்தின் விளிம்பு தேய்ந்தோ நெளிந்தோ இருந்தால் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை. மல்லிக் பஜாரில் பழைய டர்போ வாங்குகிறவர்களும் இதே மூன்றையும் பார்த்து வாங்கலாம். தண்டை ஆட்டிப் பார்க்கும் சோதனையைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொருத்தும் முன் ஆயில் துவாரத்தில் புது ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுற்றுங்கள். இறங்கு குழாயைக் கழற்றி வைத்து, இன்ஜின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, அதில் ஆயில் வழிவதைக் கண்ணால் பார்த்த பிறகே குழாயை மாட்டுங்கள். முதல் மூன்று நிமிடம் ரேஸ் கூடாது. இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் தேங்கிய ஆயில் எரியும், பழியைப் புது டர்போ வாங்கிக்கொள்ளும்.

இத்தனையும் செய்தாலும் புகை உடனே நிற்காது. பழைய டர்போ கொட்டிய ஆயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் சைலன்சரிலும் ஊறிக் கிடக்கும், சூடேறும்போதெல்லாம் புகையும். மாமாவின் வண்டியில் குழாயை மாற்றி, பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டாவது டர்போவையே திரும்ப மாட்டினோம், அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மறுநாள் காலை போன் வந்தது. "இன்னும் வர்றதுடா." மூன்றாம் நாள், "சிக்னல்ல வரலை. பாலம் ஏறி இறங்கினப்புறம் கொஞ்சம் வந்தது, வெள்ளையா, நீலமான்னு சொல்லத் தெரியலை." அது சைலன்சரில் மிச்சம் இருந்த ஆயில். கோலாகாட் வரை ஹைவேயில் போய்த் திரும்பச் சொன்னேன். திரும்பி வந்த பிறகு துணியைப் பிடித்துப் பார்த்தோம், கரிப்பொடி மட்டும் படிந்தது. 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். அந்த முறை டிப் ஸ்டிக்கை மாமாவே துடைத்துப் பார்த்தார்.